ஸ்டீயரிங் பிடிப்பவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். சாலை அலுவலகங்களில் அமர்ந்து கார்களுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் ஆக்டிங் டிரைவர். சொந்தக் கார் கிடையாது. மேடவாக்கத்திலிருந்து கிளம்பிப் போய், யார் அழைக்கிறார்களோ அவர்கள் காரை ஓட்டிக்கொடுத்துவிட்டு வருவேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. ஒரு வாரத்தில் ஐந்து வீட்டுக் கார்கள் கைக்கு வந்தால், இப்போதெல்லாம் அதில் குறைந்தது இரண்டு பச்சை நம்பர் பலகை போட்ட மின்சாரக் காராக இருக்கிறது. உங்களில் சிலரை நானே சோழிங்கநல்லூரிலிருந்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டிருப்பேன். பின்னால் அமர்ந்து, 'அடுத்த ரிலீஸில் சரியாகிவிடும்' என்று நீங்கள் தொலைபேசியில் சொல்வது முன் இருக்கைக்கும் கேட்கும். ரிலீஸ் என்பது காருக்குள் இறங்கும் புது மென்பொருள் என்று எனக்கு விளங்கியது கிழக்குக் கடற்கரைச் சாலையில், போன தை மாதத்து இரவு ஒன்றில்.

அடையாற்றில் ஒரு வீடு. மின்சாரக் கார். முந்தைய வாரமும் அதை நான்தான் ஓட்டினேன். புதுச்சேரிக்குப் போக வேண்டும். கிளம்பும்போதே மணி ஒன்பதரை. மாமல்லபுரம் தாண்டி, கூவத்தூரும் போன பிறகு சாலை இருட்டிவிட்டது. ஹை பீம் போட்டேன். முந்தைய வாரம் ஸ்டீயரிங் ஓரத்து விளக்குத் தண்டை முன்னால் தள்ளினால் ஹை பீம் நின்று எரியும்; நான் இழுத்தால்தான் இறங்கும். அன்று தள்ளியதும் பொறுப்பைக் கார் தன் கையில் எடுத்துக்கொண்டது. சாலையோரக் கடை ஒன்றின் எல்இடி பலகையைப் பார்த்து எதிரே வண்டி வருகிறது என்று நினைத்ததோ என்னவோ, தானாகவே டிம் ஆகிவிட்டது. அந்த இடத்தில்தான் ஒரு பசு, தார் இன்னும் சூடாக இருந்ததால், சாலையிலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. பசு எழுந்திருக்கவே இல்லை. பின்னால் வீட்டுக்கார அம்மாவின் கைப்பை கீழே கொட்டியது. சாருக்குக் கோபம்; காரின் மீது இல்லை, என் மீது.

மரக்காணத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது, விளக்கு ஏன் மாறியது என்று சாரிடம் கேட்டேன். "ரெண்டு நாள் முன்னாடி போனில் ஏதோ வந்தது, ஓகே கொடுத்தேன்" என்றார். காட்டச் சொல்லிப் பார்த்தேன். காரின் மென்பொருள் அப்டேட். ஆங்கிலத்தில் இரண்டு வரி: செயல்திறன் மேம்பாடு, பிழைத் திருத்தம். விளக்குத் தண்டின் வேலை மாறியது பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்த இரண்டு வரிதான். வண்டி மாறியது, செய்தி பின் இருக்கையில் இருப்பவருக்குப் போயிற்று, ஓட்டுபவனுக்குப் பசு சொல்லித்தான் தெரிந்தது.

உங்கள் விளக்கை நான் குறை சொல்லவில்லை. அதே பயணத்தில், மரக்காணம் உப்பளங்களின் ஓரமாக ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லாத நீளத்தில், அது வேலை செய்த அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ்ஸின் மேல் விழும் ஒளியை மட்டும் கத்தரித்து எடுத்ததுபோல இருட்டாக்கிவிட்டு, இடப்பக்கப் புளியமரங்களையும் மண்பாதையையும் பகல்போலக் காட்டியது. நான் தொழில் பழகிய அம்பாசிடரில் டிம் சுவிட்ச் தரையில், கிளட்சுக்கு இடப்பக்கம் இருக்கும். இரவு முழுக்க இடது காலால் தட்டித் தட்டியே மரத்துப்போகும். அந்தக் காலுக்கு இந்த விளக்கு வரம்.

ஆனால் அது எதைப் பார்த்து வேலை செய்கிறது? முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா எதிரே வரும் முகப்பு விளக்குகளையும் முன்னால் போகும் சிவப்பு விளக்குகளையும் தேடுகிறது. கண்ட இடத்துக்கு நேரான எல்இடிகளை அணைக்கிறது. அதாவது, விளக்கு உள்ளவனுக்கு மரியாதை. எங்கள் ஊரில் சுமை ஏற்றி மிதிக்கும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு விளக்கு ஏது? காசிமேட்டிலிருந்து விடியலில் வருகிறவர் முகத்தில் முழு ஒளியும் அடிக்கிறது. தலையைத் திருப்பிக்கொண்டுதான் மிதிக்கிறார். சைக்கிளில் போகும் வாட்ச்மேன், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் அதே கதி. ஒரு கண் போன தண்ணீர் லாரியைக் கேமரா பைக் என்று நினைத்தால், லாரியின் பாதி அகலம் வெளிச்சத்தில் நனையும்.

அரளிச் செடியையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். திருச்சிக்குப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் நடுத்திட்டு நெடுக அதை வளர்ப்பது பூ பறிக்க இல்லை. எதிர்ப்பக்க ஒளி கண்ணில் அடிக்காமல் இருக்க. செடி இடைவெளியில் ஒளி விட்டுவிட்டுத் தெரியும்போது உங்கள் விளக்கு ஏற்றுவதா இறக்குவதா என்று மின்னல்போலத் தடுமாறுகிறது. அதைவிட மோசம், செடிக்கு மேலே அமர்ந்திருக்கும் லாரி டிரைவரின் நிலை. அவருடைய விளக்குகள் செடிக்குக் கீழே மறைந்திருக்கின்றன. கேமராவுக்குச் சாலை காலி. அவர் கண்ணோ செடிக்கு மேலே. மதுராந்தகம் பக்கம் எத்தனை பேர் என்னைப் பார்த்து விளக்கடித்துத் திட்டியிருக்கிறார்கள்! நான் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஏனென்றால் விளக்கு எங்களுக்குப் பேச்சு. ஒருமுறை மின்னினால் ஒன்று, இரண்டு முறை மின்னினால் வேறொன்று. எதிரே வருபவர் டிம் செய்தால் 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்று பொருள். நானும் பதிலுக்குச் செய்வேன். உங்கள் கார் அவரைச் சுற்றி மட்டும் நிழல் வெட்டிவிட்டு மற்ற இடமெல்லாம் பளீரென்று எரிக்கும்போது, நான் மரியாதை தெரியாதவன் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது.

காத்திருக்கும் நேரம் எங்களுக்கு நிறைய. அதில் படித்தவற்றையும் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 106ஆம் விதி முன்விளக்கைப் பற்றியது. ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் சாய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 8 மீட்டர் தூரத்தில், விளக்குக்கு வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள எவருக்கும் கூசக்கூடாது. 'எந்த வண்டிக்கும்' என்று அதில் இல்லை, 'எவருக்கும்' என்றுதான் இருக்கிறது. 1.5 மீட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும் மனிதரின் கண்.

இன்னொன்று. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி வரை இந்த விளக்குக்கு அனுமதியே கிடையாது. அதன் பிறகும் டெஸ்லா கார்களில் விளக்கு பொருத்தப்பட்டுச் சும்மாவே இருந்து, 2025இல் ஓர் அப்டேட் வந்ததும்தான் அந்த வேலையைத் தொடங்கியது. கண்ணாடியும் பல்பும் அதேதான், குணம்தான் மாறியது. நாங்கள் பல்பை மாற்றினால் போலீஸ்காரர் ஓரங்கட்டுகிறார். நீங்கள் குணத்தையே மாற்றினால் யாரும் ஓரங்கட்டுவதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு ஐ.நா.வின் 156ஆம் ஒழுங்குமுறை இருக்கிறது. அப்டேட் எதற்காக, எது மாறும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வாகனப் பயனருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. யார் அந்தப் பயனர்? அதன் வரையறையில் முதலில் வருவது வாகனத்தை இயக்குபவர் அல்லது ஓட்டுபவர். உரிமையாளர் அதற்குப் பிறகுதான். இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கேயோ யாரோ எங்களையும் நினைத்து ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

நேரம் பற்றிச் சொன்னதும் வேளச்சேரி நினைவுக்கு வருகிறது. மழை வலுத்தால் அங்கே கார்கள் மேம்பாலத்தில் ஏறி நிற்கும் காட்சியை ஊரே அறியும். ஓர் ஐப்பசி இரவு வீட்டுக்கார அம்மா அழைத்து, காரைப் பாலத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார். போனால் திரையில் 'அப்டேட் நடக்கிறது, ஓட்ட இயலாது'. நிறுத்த வழியில்லை. கணுக்கால் தண்ணீரில் குடை பிடித்து அரைமணி நேரம் நின்றேன். கார் தப்பித்தது, பாலத்தில்தான் இடம் இல்லாமல் போயிற்று.

நான் கேட்பது அதிகமில்லை. விளக்கு, பிரேக், தண்டு, மிதிகட்டை இவற்றில் எது மாறினாலும், அடுத்து காரை எடுப்பவருக்கு, அவர் யாராக இருந்தாலும், திரையில் தமிழில் சொல்லுங்கள். 'மேம்பாடு' என்று எழுதாதீர்கள். 'இனி தண்டைத் தள்ளினால் விளக்குத் தானாக ஏறி இறங்கும்' என்று எழுதுங்கள். தானியங்கி வேண்டாம் என்று ஒருவர் அணைத்துவைத்திருந்தால், அப்டேட் வந்து அதை மீண்டும் போட்டுவிடக் கூடாது. பிடிக்காவிட்டால் பழையபடிக்குத் திரும்ப ஒரு வழி வையுங்கள்.

சோதனையை எங்கள் சாலையில் செய்யுங்கள். ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறது, தெரியும். அங்கே மீன்பாடி வண்டி வராது. ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சிறுசேரியில் நிற்கிறேன். உங்களில் ஒருவர் காரில் என் பக்கத்தில் அமரட்டும். இன்னொருவர் விளக்கில்லாத சைக்கிளில் எதிரே வரட்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். இரவு பேட்டா வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆக்டிங் டிரைவர்,
மேடவாக்கம்