பழைய டிரம் சேகரிக்கிறவங்க சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் அறிக்கையை சுத்தமான எழுத்துத் தமிழ்ல எழுதிட்டு வந்து வாசிச்சேன், பாதிப் பேர் ஃபோனை நோண்டிட்டு இருந்தீங்க, மீதிப் பேர் தூங்கிட்டீங்க. அதனால இந்த தடவை பேசுற மாதிரியே எழுதிட்டேன், தலைவரும் சரின்னுட்டார். கணக்கு வழக்கை பொருளாளர் தனியா வாசிப்பார், அதுல நான் வாய வைக்கல.

மாசக் கூட்டம் பதினொண்ணு நடந்துச்சு. பன்னெண்டாவது நடக்காததுக்கு காரணம் நான்தான், ஹால் சாவி என் பையில, நான் வெளியூர்ல. புதுசா ஏழு பேர் சேர்ந்திருக்காங்க. அதுல நாலு பேரு வந்த அன்னைக்கே கேட்டது ஒரே கேள்வி, பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வாசிச்ச மாதிரி ஆய்ஸ்டர் ப்ளாக் பேர்ல்ங்கற கறுப்பு முத்து டிசைன்ல லுட்விக் டிரம் செட் எங்க கிடைக்கும்னு. தப்பு சொல்லல, 1964 பிப்ரவரி 9 அன்னைக்கு எட் சல்லிவன் ஷோவுல பீட்டில்ஸ பாத்தவங்க 7 கோடிக்கு மேல, பேஸ் டிரம் முன்னாடி லுட்விக்னு எழுதியிருந்தத அத்தனை பேரும் பாத்தாங்க, அதுக்கப்புறம் அந்த கம்பெனிக்கு ஆர்டர் குவிஞ்சுது, அறுபது வருஷம் கழிச்சு நம்ம ஹால் வாசல் வரைக்கும் அதே கேள்வி வந்து நிக்குது. ஆனா அதையும் தாண்டி உலகம் இருக்குங்கறத காட்டத்தானே சங்கம்.

சரி, எல்லாரும் எதுக்கு காத்திருக்கீங்கன்னு தெரியும். அந்த ஸ்னேர் (அடில கம்பி போட்ட சின்ன டிரம்) விஷயம்.

சங்கத்துக்குன்னு ஒரு பழைய மெட்டல் ஸ்னேர் வாங்கலாம்னு தீர்மானம் போட்டோம், பாத்து சொல்ற பொறுப்ப என்கிட்ட குடுத்தீங்க. பத்து லக் (தோல இறுக்கற ராடு போய் மாட்டற பிடி), அஞ்சு இன்ச் ஆழம், கீஸ்டோன்ங்கற பழைய கம்பெனி பேட்ஜ் போட்ட லுட்விக். வித்தவர் சொன்னது 1962 மாடல், க்ரோம் பூச்சுக்கு உள்ள ஷெல், அதாவது டிரம்மோட உடம்பு, பித்தளைன்னு. நானும் பாத்தேன், பேட்ஜ்ல சீரியல் நம்பர் இல்ல. லுட்விக் நம்பர் போட ஆரம்பிச்சதே 1963 கடைசிலதான், நம்பர் இல்லன்னா அதுக்கு முந்தினது, அறுபதுகளோட தொடக்கத்துல வந்த ஷெல்லு பித்தளைதான், கணக்கு சரியா வருதுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். போதாக்குறைக்கு பாக்கெட்ல இருந்து காந்தத்த எடுத்து ஒட்டிப் பாத்தேன், ஒட்டல. அப்போ பித்தளையேதான்னு சான்றிதழ் குடுத்துட்டேன். கூட்டத்துல அதை தூக்கி காட்டி அரை மணி நேரம் பேசினேன், நீங்களும் கை தட்டினீங்க.

மூணாவது மாசம் கீழ் ஹூப் (தோல பிடிக்கற வளையம்) பக்கத்துல க்ரோம்ல சின்னச் சின்னதா பரு மாதிரி கிளம்ப ஆரம்பிச்சுது. விரல் வெச்சு தேய்ச்சா சொரசொரன்னு இருக்கு, ரெண்டு இடத்துல செதிலா உரிஞ்சு வேற வந்துச்சு. பித்தளை மேல போட்ட க்ரோம் இப்படி செய்யறது அபூர்வம். அலுமினியத்து மேல க்ரோம் சரியா பிடிக்காது, வருஷம் போகப் போக கொப்பளிக்கும், இது இந்த வகை ஸ்னேரோட பிறவிக் குறைன்னு டிரம் சேகரிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிஞ்சும் அன்னைக்கு கண்ண மறைச்சிருச்சு. அந்த மாசக் கூட்டத்துல நான் விடாம காந்தக் கதையவே திரும்ப சொல்லிட்டு இருந்தப்போ அப்பாகூட வர்ற அந்த ஒன்பதாங் கிளாஸ் பையன் மெதுவா கேட்டான், "அங்கிள், அலுமினியத்துலயும் காந்தம் ஒட்டாதே?"

அதுக்கப்புறம் ஹால்ல என்ன நடந்துச்சுன்னு அறிக்கைல எழுத வேண்டியதில்ல.

அவனே ஒரு லக்க கழட்ட சொன்னான். ஸ்க்ரூ போற ஓட்டையோட விளிம்புல உலோகம் பூச்சு இல்லாம தெரியும்ல, அங்க மஞ்சளா இருந்தா பித்தளை, வெள்ளையா இருந்தா அலுமினியம். வெள்ளை. எடை பாத்திருந்தாலே போதும், அதே கன அளவுக்கு பித்தளை அலுமினியத்த விட மூணு மடங்கு கனம், நான் இன்னொரு ஸ்னேர பக்கத்துல வெச்சு தூக்கிக்கூட பாக்கல. பேட்ஜ் எப்படின்னா, அது ஷெல்லோட காத்து ஓட்டைல ஒரு வளையத்தாலதான் நிக்குது, வளையத்த எடுத்துட்டு எந்த பேட்ஜ வேணா மாட்டலாம், யாரோ எப்பவோ மாட்டியிருக்காங்க. வித்தவர் தெரிஞ்சு செஞ்சாரா அவரும் ஏமாந்தாரான்னு எனக்குத் தெரியாது, அதனால அவர பத்தி யாரும் வெளில பேச வேணாம்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், நஷ்டம்னு யாரும் மூஞ்சிய தூக்க வேணாம். அது சுப்ராஃபானிக், எல்எம் 400. உலகத்துல அதிகமா ரெக்கார்டிங்ல கேட்ட ஸ்னேர்கள்ல அது ஒண்ணு, அதோட ஆறரை இன்ச் தம்பி 402தான் லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹம் வாசிச்சது. பாக்க பரு வந்த மூஞ்சி, சத்தம் கேட்டா ராஜா. க்ரோம் உரியற பயமே வேணாம்னா அக்ரோலைட் பாருங்க, அதே மாதிரி ஒட்டில்லாத அலுமினிய ஷெல், க்ரோமுக்கு பதிலா அனோடைஸ் பண்ணது, எட்டு லக், ஸ்டூடண்ட் மாடல்னு வித்தாங்க, இன்னைக்கும் அத சாதாரணமா நினைக்கிறவங்க இருக்காங்க, இருக்கட்டும், நமக்கு நல்லது.

இதுல இருந்து பொதுவா ஒரு சண்டை கிளம்புச்சு, பழைய டிரம்முக்கு வருஷம் சொல்றது எப்படின்னு. ரெண்டு கூட்டம் இதுலயே போச்சு, எனக்கு வருத்தமே இல்ல. சீரியல் நம்பர்ங்கறது பிறந்த தேதி கிடையாது. ஃபேக்டரில பேட்ஜ வரிசையா எடுத்து மாட்டணும்னு யாரும் கவலப்படல, கைக்கு வந்தத மாட்டினாங்க, அதனால நம்பர் பாத்து மாசம் சொல்றவங்கள நம்பாதீங்க. ஷெல்லுக்கு உள்ள சிவப்பு மைல தேதி முத்திரை இருந்தா அது நல்ல சாட்சி, ஆனா எல்லாத்துலயும் இருக்காது. அப்புறம் உள் பெயிண்ட், வலுவூட்டும் வளையம் இருக்கா இல்லயா, லக் எந்த வடிவம், ஹூப் எது, எல்லாத்தையும் சேத்து பாத்தாதான் ஒரு அஞ்சு வருஷ இடைவெளிக்குள்ள கொண்டு வரலாம். க்ரெட்ச் கம்பெனி டிரம் வெச்சிருக்கவங்களுக்கு கொஞ்சம் சுலபம், வட்ட பேட்ஜ் 1971 வாக்குல நின்னுபோய் எட்டுமூலை பேட்ஜ் வந்துச்சு, உள்ள வெள்ளி கலர் பூச்சு, வார்ப்பு ஹூப். அதுலயும் பேட்ஜ மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்த வருஷத்துல எனக்கு பிடிச்ச கூட்டம்னா தோல் மாட்டின கூட்டம்தான். 1957 வாக்குல ரெமோ, எவன்ஸ் ரெண்டு பேரும் பாலியஸ்டர் ஹெட்ட, அதாவது பிளாஸ்டிக் தோல, சந்தைக்கு கொண்டு வர்ற வரைக்கும் எல்லாம் கன்னுக்குட்டித் தோல்தானே, அத ஈரமாக்கி மர வளையத்துல சுத்தி உள்ள செருகி காய வைக்கணும். மூத்த உறுப்பினர் ஒருத்தர் செஞ்சு காட்டினார், கரண்டிக் காம்பு மாதிரி ஒரு கருவிய வெச்சுக்கிட்டு பொறுமையா செருகினார், நம்மாளுங்க நாலு பேர் செஞ்சத மறுநாள் வந்து பாத்தா ஒண்ணு முறுக்கி எட்டு மாதிரி ஆயிருச்சு, ஒண்ணு நடுவுல கிழிஞ்சுது. ஆனா அவர் மாட்டினத ப்ரஷ் வெச்சு தேய்ச்சப்போ வந்த சத்தம், பஞ்சு மேல மழை பெய்யற மாதிரி, ஹால்ல யாரும் மூச்சு விடல. தோலுக்கு இருக்கற தொல்லை ஈரம். காத்துல ஈரம் ஏறினா தொய்ஞ்சு போகும், வறண்டா இறுகி கிழியும். 1920கள்ல பேஸ் டிரம்முக்குள்ள மின்சார பல்பு எரிய விட்டு தோல காய வெச்சாங்க, முன்பக்க தோல்ல ஓவியம் வரைஞ்சு வெச்சா பல்பு வெளிச்சத்துல அதுவும் ஜொலிக்கும். நம்மளும் பல்பு போடலாம்னு ஒருத்தர் சொன்னார். செல்லுலாய்டு ராப் (வெளில ஒட்டற அலங்காரத் தாள்) ஒட்டின டிரம்முக்குள்ள யாரும் பல்பு போடக் கூடாது. பழைய பேர்ல் ராப் நிறைய நைட்ரேட் வகை, குப்புனு பத்திக்கும், இத அறிக்கைலயே எழுதி வெக்கிறேன்.

ராப்னதும் ஞாபகம் வருது, வெளிச்சம் படாம இருக்க நம்ம அலமாரிக்கு திரை வேணும்னு மூணு வருஷமா கேக்கறேன். வெள்ளை மெரைன் பேர்ல் ராப் போட்ட ஃப்ளோர் டாம்ல (தரைல கால் ஊனி நிக்கற டிரம்) ஒரு லக்க கழட்டிப் பாருங்க, லக்குக்கு அடில மட்டும் பால் வெள்ளை, சுத்தி மத்ததெல்லாம் பழுப்பு. அந்த மஞ்சள் ஏறினது நம்ம காலத்துல இல்ல, ஒத்துக்கிறேன். இனிமே ஏறப்போறது நம்ம கணக்குலதான்.

போர்க்கால டிரம் ஒண்ணும் இந்த வருஷம் பாத்தோம். ஒரு உறுப்பினர் கொண்டு வந்தார், ஸ்லிங்கர்லாண்ட் கம்பெனியோட ரோலிங் பாம்பர். லக்கெல்லாம் மரம்! முதல்ல யாரோ வீட்ல செதுக்கி மாட்டியிருக்காங்கன்னுதான் நாங்க நினைச்சோம். 1942ல அமெரிக்க அரசாங்கம் இசைக்கருவிகள்ல உலோகம் எடைல பத்து சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு, குண்டுக்கும் விமானத்துக்கும் உலோகம் வேணும், அதனால லக்கு, ஹூப்பெல்லாம் மரத்துலயே செஞ்சு வித்தாங்க. போர் முடிஞ்சதும் நிறைய பேரு இந்த மர லக்க கழட்டிட்டு உலோகத்துல மாத்திட்டாங்க, அப்ப அது ஏழ்மையோட அடையாளமா தெரிஞ்சிருக்கும். அதனாலதான் மாத்தாம தப்பிச்சது இன்னைக்கு அபூர்வம்.

இத கேட்டப்புறம்தான் இன்னொரு உறுப்பினர் கொஞ்சம் யோசிச்சார்னு நினைக்கிறேன். அவரோட அம்பதுகள் பேஸ் டிரம்ல மேல டாம் (சின்ன டிரம்) மாட்டற மவுண்டுக்கு ஓட்டையே கிடையாது, அவர் ட்ரில் மெஷினோட தயாரா இருந்தார். ரெண்டு மணி நேரம் வாதாடி, டாம ஒரு ஸ்னேர் ஸ்டாண்ட்ல உக்கார வெச்சு வாசிச்சு காட்டி, ட்ரில்ல வாங்கி வெச்சுட்டோம். ட்ரில் இன்னும் என்கிட்டதான் இருக்கு, வந்து வாங்கிக்கங்க அண்ணே.

சிம்பல் (வெண்கலத் தட்டு) விஷயத்துல நாம அவ்வளவு சீக்கிரம் முந்திக்கல. பழைய இஸ்தான்புல் கே சில்ஜியான் ஒண்ணு, வாரிசு வழியா கைக்கு வந்தது, அழுக்கா இருக்குன்னு மெஷின்ல பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கி கொண்டு வந்தார் புது உறுப்பினர் ஒருத்தர். அவர் முகத்துல அவ்வளவு பெருமை. யாராலயும் உடனே வாய் திறக்க முடியல. அடிச்சு வெச்ச முத்திரை பாதி மங்கிப்போச்சு, அந்த முத்திரைய வெச்சுதான் எந்த காலத்துதுன்னு சொல்ல முடியும். சத்தம் மாறுச்சா இல்லயான்னு இன்னும் ரெண்டு கட்சி இருக்கு. பழைய களிம்பு போனதால சத்தம் மாறாதுன்னு பொருளாளர், சத்தத்துல பளிச்சுங்கறது கூடிருச்சுன்னு தலைவர். பாலிஷுக்கு முன்னாடி யாரும் கேக்கவே இல்லயே, அப்புறம் எத வெச்சு ஒப்பிடறதுங்கறதுதான் என் கட்சி. அந்த புது உறுப்பினர் மறுபடி கூட்டத்துக்கு வந்தார்ங்கறத நன்றியோட பதிவு பண்றேன், நான் அவர் இடத்துல இருந்தா வந்திருக்க மாட்டேன்.

ஜப்பான்ல அறுபதுகள்ல செஞ்சு ஏகப்பட்ட பேர்ல வித்த ஸ்டென்சில் செட்டுகளையும் பதிவேட்டுல சேக்கணும்னு ஒரு கோரிக்கை வந்துச்சு, லுவான் மரம், மெல்லிசான ஹூப், பேரே தெரியாத பேட்ஜ். சில பேர் சிரிச்சாங்க. நான் ஆதரிச்சு ஓட்டு போட்டேன், நிறைய பேருக்கு முதல் டிரம் அதுதானே, ஷெல்லோட விளிம்பு நேரா இருந்து நல்ல ஹெட் போட்டா ஜாஸ் டியூனிங்ல ஆச்சரியப்படுத்தும். தீர்மானம் ஒரு ஓட்டுல ஜெயிச்சுது.

சின்ன சின்ன விஷயம். அமெரிக்க டிரம்மோட டென்ஷன் ராடு (தோல இறுக்கற ஸ்க்ரூ) பெரும்பாலும் 12-24ங்கற அளவு த்ரெட், ஜெர்மன் கம்பெனி சோனாரோடது ஆறு மில்லிமீட்டர் மெட்ரிக். ரெண்டும் பாக்க ஒண்ணு போல இருக்கும், ரெண்டு சுத்து போகவும் செய்யும், மூணாவது சுத்துல த்ரெட் காலி. பொது டப்பால இருந்து ராடு எடுத்து முடுக்கினவர் யாருன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்லல. பேஸ் டிரம்ம கால்ல அடிக்கற ஸ்பீட் கிங் பெடல் கிறீச்சுனு கத்தறதுக்கு எண்ணெய் போட்டாச்சு, இன்னும் கத்துது. அது கத்தும். டிரம் கீ (டென்ஷன் ராடு முடுக்கற சாவி) வருஷ தொடக்கத்துல ஆறு இருந்துச்சு, இப்ப ஒண்ணு. எடுத்தவங்க பைய உதறிப் பாருங்க.

கடைசியா பதிவேடு. சங்கம் எத வாங்கினாலும் இனிமே ரெண்டு பேர் சேந்து பாக்கணும், ஒரு லக்கையாவது கழட்டணும், எடை போடணும், கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கணும், தொடைக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா எடுக்கணும், எல்லாத்தையும் நோட்ல எழுதணும்னு தீர்மானம் போட்டாச்சு. நோட்ட பாத்துக்கற பொறுப்ப அந்த ஒன்பதாங் கிளாஸ் பையனுக்கே குடுத்துட்டோம். முதல் பக்கத்துல அவன் எழுதியிருக்கறத அப்படியே வாசிக்கிறேன்: "ஸ்னேர், லுட்விக், பத்து லக். பேட்ஜ்: மாத்தினது. ஷெல்: அலுமினியம். செயலாளர் சொன்னது: பித்தளை."

கடைசி வரிய அடிச்சுட சொன்னேன், மாட்டேன்னுட்டான்.

இப்படிக்கு,
செயலாளர்