பொம்மை வீட்டின் மாடிப்படிக்கும் அளவு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் அண்மையில் வெளியான பொம்மை வீட்டுக் கைவேலையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் செய்யத் தொடங்கியதைப் பார்த்த பின்பே இக்கடிதத்தை எழுதுகிறேன். சுவரும் கூரையும் யன்னலும் அவர்களுக்கு எளிதாகவே வந்தன. மாடிப்படியில்தான் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பிரிஸ்டல் போர்டை முன்னும் பின்னுமாக மடித்து ஒட்டும்படி ஒரு வரியும், அழகான ஒரு புகைப்படமும் மட்டுமே அங்கே இருந்தன. எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், படிக்கட்டு மேலே வந்து சேர மேல்தளத்தில் எந்த இடத்தில் வாய் (திறப்பு) விடுவது என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மடித்த அட்டைக்கு அடியில் தாங்க எதுவும் இல்லாததால், சிறிய பொம்மை ஒன்றை நிறுத்தியதுமே அதன் நடுப்பகுதி தொய்ந்துவிடுகிறது. மலைநாட்டின் மழைக்கால ஈரத்தில் பொம்மையை நிறுத்தாமலே தொய்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, கண்மதிப்பில் மடித்த படிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, கடைசிப் படி மேல்தளத்தை எட்டாமலோ தாண்டியோ நிற்பதாகும்.

லயன் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், வளரும் பிள்ளைக்கு மாடிப்படி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பிள்ளை கட்ட விரும்புவது மாடி வீட்டைத்தான். அந்த விருப்பத்தைத் திருத்துவது நம் வேலையல்ல. அதற்குச் சரியான அளவைக் கொடுப்பதே நம் வேலை.

பொம்மை வீடு செய்வோர் பெரும்பாலும் கையாளும் அளவு 1:12 ஆகும். அதாவது உண்மை வீட்டின் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் நிறைவுபெற்று, இன்றும் வின்சர் கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள மேரி அரசியின் பொம்மை வீடும் இதே அளவில் அமைந்ததுதான். அடியிலும் அங்குலத்திலும் மரம் வாங்கிப் பழகிய நம் ஆசாரிமாருக்கு இது சொல்லாமலே விளங்கும். மில்லிமீற்றரில் படிக்கும் பிள்ளைகள் எல்லா அளவையும் 12ஆல் வகுத்துக்கொண்டால் போதும்.

வீட்டுப் படி ஒன்றின் உயரத்தை 180 மில்லிமீற்றர் என்றும், கால் வைக்கும் மிதியின் அகலத்தை 240 மில்லிமீற்றர் என்றும் கொள்வோம். இரண்டு படிகளின் உயரத்தோடு ஒரு மிதியின் அகலத்தைக் கூட்டினால் மனிதன் நடக்கையில் எடுத்து வைக்கும் ஓர் அடியின் தூரத்துக்குச் சமமாக வரவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளொண்டல் வகுத்த விதியையே கட்டடக்காரர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள்; அந்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 600 முதல் 640 மில்லிமீற்றர் வரை அமையலாம். நமது கணக்கில் அது சரியாக 600 ஆகிறது. இவ்வளவுகளை 12ஆல் வகுத்தால், படியின் உயரம் 15 மி.மீ., மிதியின் அகலம் 20 மி.மீ. என்று மீதியின்றிக் கிடைக்கின்றன. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை 240 மி.மீ. என்று வைத்தால், அது உண்மை வீட்டில் ஏறக்குறைய ஒன்பதரை அடி. அதற்கு 16 ஏற்றங்கள், அதாவது காலைத் தூக்கி வைக்கும் படியுயரங்கள், வேண்டும். ஆனால் மிதிபலகைகள் 15 மட்டுமே, ஏனெனில் பதினாறாவது ஏற்றம் மேல்தளத்திலேயே கால் வைக்கிறது. ஆகவே படிக்கட்டு தரையில் பிடிக்கும் நீளம் 300 மி.மீ., அதாவது பிள்ளையின் புத்தகப் பையிலுள்ள அடிமட்டத்தின் முழு நீளம்.

15க்கு 20 என்ற இந்த அளவைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்விரண்டையும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் செம்பக்கம் 25 மி.மீ. ஆகும், ஆசாரிமார் மூலைமட்டம் பார்க்கும் அதே மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதம். எனவே அட்டையில் ஒரு நேர்கோடு வரைந்து, அதில் 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, பிரிஸ்டல் போர்டில் வெட்டிய ஒரேயொரு சிறு முக்கோணத்தை, அதன் செம்பக்கம் கோட்டில் பொருந்தும்படி, புள்ளிக்குப் புள்ளி நகர்த்தி வரைந்தால், படிகளைத் தாங்கும் பக்கப் பலகையின் பல்வரிசை பிழையின்றிக் கிடைத்துவிடும். பைதகரஸ் தேற்றத்தை எண்களாக மட்டுமே கண்ட மாணவர்களுக்கு அதைக் கையில் பிடித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

எல்லா ஏற்றங்களும் ஏன் ஒரே உயரமாக இருக்கவேண்டும் என்பதைச் சிவனொளிபாதமலைக்கு ஏறி இறங்கிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. லயங்களுக்கு ஏறும் கற்படிகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு கல்லும் கிடைத்த உயரத்தில் கிடக்கிறது. முதல் ஓரிரு படிகளிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொண்டு மற்றவற்றைப் பாராமலே ஏறுவதால், இடையில் ஒன்று மாறினாலும் இடறிவிடுகிறது.

இங்கே தச்சர்கள் நன்கு அறிந்ததும், கைவேலைக் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபடுவதுமான ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். பல்வரிசையை 15 மி.மீ. உயரத்தில் சரியாக வெட்டி, அதன்மேல் 2 மி.மீ. தடிப்புள்ள மிதிபலகைகளை ஒட்டினால், நடுவிலுள்ள படிகள் எல்லாம் 15 ஆகவே இருக்கும். ஆனால் தரையிலிருந்து ஏறும் முதற்படி 17 ஆகிவிடும், மேல்தளத்துக்கு ஏறும் கடைசி ஏற்றம் 13 ஆகக் குறைந்துவிடும். 4 மி.மீ. வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். உண்மை வீட்டில் அது ஏறக்குறைய இரண்டு அங்குலம். பக்கப் பலகையின் அடியிலிருந்து, மிதிபலகையின் தடிப்புக்குச் சமமான 2 மி.மீ.யை ஒட்டுவதற்கு முன்பே சீவிவிட்டால் இரண்டு குறைகளும் ஒருங்கே நீங்கிவிடும்.

பொருள்களுக்காக நகரத்துக் கடைகளில் பெட்டியாக விற்கும் விலையுயர்ந்த கைவேலைத் தொகுதிகளைத் தேட வேண்டியதில்லை. பிஸ்கட்டும் சவர்க்காரமும் வரும் பெட்டிகளின் நெளி அட்டையை, உள்ளேயுள்ள நெளிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி இரண்டு மடங்காக ஒட்டினால் பக்கப் பலகைகள் உறுதியாக நிற்கும். புத்தகக் கடைகளில் கட்டாக விற்கும் ஐஸ்கிறீம் குச்சி ஏறத்தாழ 10 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிப்பும் உடையது, இரண்டைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் 20 மி.மீ. மிதி தயார். வளைந்த முனைகளை நீக்கி 75 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால், அது உண்மையில் மூன்றடி அகலப் படிக்கட்டு ஆகும். மொத்தம் 30 குச்சிகள் போதும். ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் குச்சி பிளக்கும். இருபுறமும் பிளேடால் ஆழமாகக் கீறிய பின் ஒடிக்கவேண்டும், இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்து செய்விக்க வேண்டும். மிதியின் முன்விளிம்பில் தீக்குச்சியை, மருந்து முனையை நீக்கிவிட்டு ஒட்டினால், உண்மைப் படிகளில் காணும் சிறு முன்நீட்டம் கிடைக்கும். செங்குத்துப் பகுதிகளை மூடுவதற்கு மட்டும் பிரிஸ்டல் போர்ட் உதவட்டும்.

கைப்பிடியின் உயரமும் 75 மி.மீ. தான். அதைத் தாங்க விளக்குமாற்று ஈர்க்கின் தடித்த அடிப்பகுதியே ஏற்றது. ஒரு மிதிக்கு இரண்டு வீதம் நட்டால் இடைவெளி ஏறத்தாழ 8 மி.மீ. ஆகும். குழந்தையின் தலை நுழையாதபடி உண்மைக் கட்டடங்களில் விடும் 100 மி.மீ. இடைவெளிக்கு இது ஒப்பானது.

பசை பற்றி ஒரு சொல். மரவேலைக்குரிய வெள்ளைப் பசை கொழும்பில் காயும் வேகத்தில் நுவரெலியாவிலோ பொகவந்தலாவையிலோ காயாது. குளிர் மிகுந்த இரவில் காயவிட்டால் அது தெளியாமல் சுண்ணாம்பு போல் வெளுத்து, பிடிப்பும் இழக்கும். பகலில் ஒட்டி, அடுப்படியின் இளஞ்சூட்டில், மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வைப்பதே நல்லது.

மேல்தளத்தில் விடும் வாயின் நீளத்தைத்தான் பலரும் குறைத்துவிடுகிறார்கள். ஏறுபவரின் தலை மேல்தளத்தில் இடிக்காதபடி மிதிக்கு மேலே ஆறரை அடித் தலையிடம் வேண்டுமானால் பொம்மை வீட்டில் அது ஏறத்தாழ 165 மி.மீ. ஆகும், தளத்தின் தடிப்பு 5 மி.மீ. என்று கொண்டால், நான்காம் படி வரை மட்டுமே மேலே தளம் இருக்கலாம், ஐந்தாம் படியிலிருந்து திறந்திருக்க வேண்டும். அதாவது 220 மி.மீ. நீளமான வாய். அறையில் அவ்வளவு இடமில்லை என்றால் நடுவில் ஒரு சதுர மேடை வைத்துப் படிக்கட்டைத் திருப்பிக்கொள்ளலாம். உயரக் கணக்கு மாறாது.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். சிறுவர் பக்கத்தில் இத்தகைய கைவேலைகளை வெளியிடும்போது, முடிந்த பொருளின் புகைப்படத்தைச் சிறிதாக்கி, வெட்டவேண்டிய வடிவத்தை உண்மையான அளவிலேயே அச்சிட்டுத் தாருங்கள். மேலே சொன்ன பக்கப் பலகை முழுவதும் 300க்கு 240 மி.மீ. செவ்வகம் ஒன்றுக்குள் அடங்கிவிடும் என்பதால், ஒரு பக்கமே அதற்குப் போதுமானது. பிள்ளைகள் அந்தக் கடதாசியை அப்படியே அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்வார்கள். அச்சில் அளவு சற்றுக் கூடலாம், குறையலாம் என்பதால், வடிவத்தின் ஓரத்தில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றையும் அச்சிட்டு, வெட்டுவதற்கு முன் அதை அடிமட்டத்தால் அளந்து பார்க்கும்படி ஒரு குறிப்பும் சேர்த்தால் நலம். இரண்டு பக்கப் பலகைகள் தேவைப்படுவதால், அதே பத்திரிகையின் இரண்டாம் பிரதியை வாங்க முடியாத பிள்ளைகளுக்காக, முதலில் வெட்டியதை வைத்து அடுத்ததை வரையும்படியும் அந்தக் குறிப்பிலேயே எழுதிவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தச்சுவேலைப் போதனாசிரியர்,
ஹட்டன்.