வைசியால் வீதியில் ஒரு வீடு

புதுச்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஊரோடு வந்துவிட ஒரு வீடு பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். வந்த மறுநாளே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டேன். இரண்டாம் முறையும் போய்ப் பார்த்த பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் தாமதம்.

வைசியால் வீதியில், பாட்டு வகுப்புக்குப் போகும்போது நாம் மழைக்கு ஒதுங்குவோமே, மரத்தூண் தாழ்வாரம் போட்ட அந்த வீடுதான். போன முறை நீ வந்தபோது கூரை சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்துக் கிடந்தது. பிறகு வாங்கியவர் மூன்று வருடம் செலவழித்துச் செப்பனிட்டு, இப்போது விற்கிறார்.

வேலை நன்றாக நடந்திருக்கிறது. முன்பு யாரோ பூசியிருந்த சிமெண்டை முழுதும் உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசியிருக்கிறார்கள். பழைய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிட, உள்ளே உப்புப் பூத்துச் சுவர் உதிரும். எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். இங்கே கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுச் சாந்து குழைத்ததாகக் கொத்தனார் சொன்னார். கையால் தடவிப் பார்த்தேன், முட்டை ஓடு போல வழுவழுவென்று இருக்கிறது.

மெட்ராஸ் டெரஸையும் காப்பாற்றியிருக்கிறார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, மேலே தட்டை ஓடு பதித்த கூரை. சுவரில் செருகியிருக்கும் கட்டை முனைகள்தான் முதலில் உளுத்துப்போகும். 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் பிரெஞ்சுக்கால நகராட்சிக் கட்டடமான 'மேரி' இடிந்து விழுந்ததிலிருந்து எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் என் கண் அண்ணாந்துதான் பார்க்கிறது. இங்கே நான்கு கட்டைகளை மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் நீ முன்பணம் கொடுக்குமுன் ஒரு பொறியாளரை அழைத்துப்போய்க் காட்டுவேன்.

கீழே திண்ணை, முற்றம், தூண் எல்லாம் நம் வழக்கம். மாடியில் வளைவு ஜன்னலும் சுதை வேலையும் பிரெஞ்சுப் பாணி. 1738-இல் முடிந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் பார்த்த அதே கலப்பு, சின்ன அளவில். மாடிப்படி செங்குத்து. அண்ணனின் முழங்காலுக்கு ஆகாது, கீழேயே படுக்கையறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் மனம் நொந்தேன். ஒன்று, முற்றத்தை மேலே கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். சூடான காற்று அதன் வழியே மேலே போனால்தானே தெருவாசலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும்? நான் போனது பிற்பகல் மூன்று மணிக்கு. கூடத்தில் நிற்க முடியவில்லை.

இன்னொன்று, திண்ணை. தரையிலிருந்து தாழ்வாரம் வரை இரும்புக் கம்பிவலை, அதற்கொரு பூட்டு. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கியிருக்கும். மேற்கே நம் வீடுகள் தெருவுக்குத் திண்ணையையே கொடுத்தன. வழிப்போக்கன் உட்காரவும், பூக்காரி கூடையை இறக்கி வைக்கவும் வீட்டுக்காரர்கள் தம் இடத்திலிருந்து விட்ட பங்கு அது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பினர் இந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்து 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தபோது நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! அந்த முகப்பின் உயிரே திண்ணைதானே. அதைக் கூண்டுக்குள் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வீட்டை வாங்கு என்றுதான் சொல்வேன். கண்ணாடியையும் கம்பிவலையையும் எடுக்க ஒரு வாரம் போதும். நீ வாங்காவிட்டால் விடுதிக்காரர்கள் வாங்குவார்கள். அந்த வரிசையில் எத்தனை வீடுகள் அப்படிப் போயின என்று வந்தால் பார்ப்பாய்.

பத்திர விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் நகல் கொடுத்திருக்கிறேன். பழைய குடும்பத்தின் வாரிசுகளில் இருவர் பிரான்சில் இருக்கிறார்களாம். எல்லோரும் கையெழுத்திட்டுத்தான் விற்றார்களா என்று தெரிந்தாக வேண்டும். விலையைத் தொலைபேசியில் சொல்கிறேன், குறைத்துக் கேட்க இடமிருக்கிறது.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று தரகரிடம் கேட்டிருக்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். அத்தை கொடுத்த கல்லுரல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த வீட்டுச் சமையலறை மூலையில் அதற்குச் சரியாக இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி