எர்கோலானோவில் அம்மாவின் கையைப் பிடித்து நடந்தவருக்கு

ஜனவரியில் அம்மாவோடு இத்தாலிக்கு, ரோமானியத் தொல்லியல் இடங்களைக் காட்டும் குழுப் பயணம் போயிருந்தேன். பாம்பேயி முடிந்து எர்கோலானோ, அதாவது பழைய ஹெர்குலேனியம். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊர், இன்றைய தெரு மட்டத்துக்குச் சுமார் 20 மீட்டர் கீழே கிடக்கிறது. அன்று விடாத தூறல். தளக்கற்கள் வழுக்கின, அம்மாவுக்கோ மூட்டுவலி. வழிகாட்டி நல்லவர்தான், ஆனால் அத்தனை பேரையும் பார்க்க வேண்டியவர்.

அப்போது அங்கே பணியில் இருந்த நீங்கள் வந்து, குடையை அம்மா பக்கம் சாய்த்து, கையைப் பிடித்துக்கொண்டீர்கள். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். ஒரு வீட்டில் கரியாகிப்போன மரத்தடுப்பு, சட்டங்களோடு அப்படியே நின்றது. வெந்து சாம்பலாக வேண்டிய மரம், எரிமலையிலிருந்து பாய்ந்து வந்த கொதிக்கும் சாம்பல், வாயுவின் சூட்டில் கரியாகி, காற்றுப்படாமல் மூடிக்கிடந்ததால் தப்பியது என்று கையசைத்தே புரியவைத்தீர்கள். அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலோரப் படகுக் கொட்டகைகளுக்குப் போனபோது நீங்கள் பேசவே இல்லை. தப்பிக்கக் காத்திருந்த சுமார் 300 பேரின் எலும்புகள் கிடைத்த இடம் அது. அங்கே விளக்கம் சொல்லாமல் இருந்ததும் எங்களுக்குப் பெரிய உதவி.

பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். பேருந்து ஹாரன் அடித்ததில் சரியாக நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. அம்மா இன்றும் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் உங்களைத்தான் சொல்கிறார். மனமார்ந்த நன்றிங்க. அங்கே போகிற யாராவது அவரைப் பார்த்தால், அம்மா நலமாக இருக்கிறார் என்று சொல்லுங்கள்.