ஒக்டோபர் 31 வரை தவணை: பாரிஸுக்குச் சரக்கு அனுப்பும் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

லண்டன், 12 ஏப்ரல் 2019

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பிரெக்சிற்தான் தள்ளிப்போய்விட்டதே, இனி ஏன் இந்தக் கடுதாசி வேலை?" என்று பலர் கேட்கிறீர்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் நாள் மட்டும்தான் தள்ளிப்போயிருக்கிறது. பிரதமர் தெரேசா மேயின் வெளியேற்ற ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் ஜனவரி 15இல் 230 வாக்குகளாலும், மார்ச் 12இல் 149ஆலும், மார்ச் 29இல் 58ஆலும் தோற்றது. வட அயர்லாந்து எல்லையில் சோதனைச் சாவடிகள் வராமல் காக்கும் 'பக்ஸ்ரொப்' ஏற்பாடு, அங்குள்ள டி.யூ.பி. கட்சிக்கும் ஆளுங்கட்சியில் ஒரு பிரிவினருக்கும் தொண்டையில் சிக்கிய முள். மாற்று யோசனைகளும் தேறவில்லை. ஏப்ரல் 1இல், வெளியேறிய பின்னும் ஐரோப்பாவோடு சுங்கவரியில்லாமல் சரக்கு மாற்ற வழிவிடும் சுங்க ஒன்றிய யோசனை வெறும் 3 வாக்குகளால் விழுந்தது. அது தேறியிருந்தால் இம்மடலில் பாதி வேண்டியிருக்காது.

எம்.பி.க்கள் எதிலும் உடன்படாவிட்டால் இன்றைய நிலை அப்படியே தொடரும் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தமோ இன்னொரு தவணையோ இல்லாவிட்டால், ஒக்டோபர் 31 இரவு 11 மணிக்குச் சட்டம் தானாகவே நாட்டை வெளியே தள்ளிவிடும்.

அப்போது முதலில் இடிப்பது வரி. கொழும்பிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்த சரக்குக்கு இங்கே சுங்கவரி கட்டிவிட்டால், இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 28 நாடுகளுக்குள் எங்கும் கொண்டுபோகலாம். வெளியேறிய பின் இங்கே கட்டிய வரி பிரான்சின் கலே துறைமுகத்தில் செல்லாது. வரியுள்ள பொருளென்றால் அதே மூட்டைக்குப் பிரான்சில் மறுபடி கட்டவேண்டும். லண்டனில் புதுப் பையில் போட்டு லேபல் ஒட்டினால் அது பிரித்தானியப் பொருளாகிவிடாது. பாரிஸுக்கென்றே பெருமளவில் எடுப்பவர்கள் லு ஆவ்ர் துறைமுகத்தில் நேரே கொள்கலன் இறக்குவதைக் கணக்குப் பாருங்கள். மற்றவர்கள் இங்கே வரி கட்டாமல், சுங்கக் கிடங்கில் வைத்தே மறுஏற்றுமதி செய்யலாம்.

அடுத்தது இலக்கங்கள். பிரித்தானிய வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தளத்தில், சுங்கத்துக்கு வணிகரை அடையாளம் காட்டும் ஈ.ஓ.ஆர்.ஐ. இலக்கம் இலவசமாகக் கிடைக்கும். ஜீ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் 12 எண்கள். வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ளவர்களுக்கு வற் இலக்கத்தோடு மூன்று சுழியம். அது உங்கள் பக்கத்துக்கு மட்டுமே. பாரிஸில் வாங்குபவருக்குப் பிரெஞ்சு இலக்கம் வேண்டும்: எப்.ஆர். எழுத்துகளோடு அவருடைய 14 எண் சிரே எனும் வணிகப் பதிவு இலக்கம். அங்கே சுங்கவரியும் வற்றும் யார் கட்டுவது என்பதை இப்போதே பேசி, இன்வொய்ஸில் எழுதுங்கள்.

இன்வொய்ஸில் 'பலசரக்கு, 40 பெட்டி' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மஞ்சள்தூளுக்கு 0910 30, கறித்தூளுக்கு 0910 91 என ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கக் குறியீடு, தனி எடை. எங்கள் லொறியில் பல கடைகளின் சரக்கு சேர்ந்தே போகிறது. ஒருவரின் கடுதாசி பிழைத்தால் எல்லாருடைய சரக்கும் கலேயில் நிற்கும். பிரெஞ்சுச் சுங்கம் பட்டியலை முன்கூட்டியே கேட்டு, லொறி இலக்கத்தோடு இணைத்துவிடும். இங்கே டோவர் துறைமுகத்தில் நின்று திருத்த நேரமிருக்காது.

கருவாடு, மாசி, நெய் மூன்றும்தான் பெரிய தலையிடி. விலங்குப் பொருளுக்குச் சுகாதாரச் சான்றிதழும் எல்லைப் பரிசோதனையும் கட்டாயமாகும். மீனுக்கு, சட்டப்படி பிடித்தது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழும் வேண்டும். ஒப்பந்தமின்றி வெளியேறினால் முதல் வாரங்களில் இவற்றைப் பொதுலொறியில் ஏற்றமாட்டோம்.

சரக்கு அடுக்கும் மரப் பலெற்றையும் பாருங்கள். பூச்சிகள் சாகும்படி மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 எனும் சர்வதேச விதியின் முத்திரை இல்லையென்றால், சரக்கு சரியாக இருந்தாலும் திருப்பி அனுப்பலாம். பழைய பலெற்றுகள் பலவற்றில் அந்த முத்திரை இல்லை. பிளாஸ்ரிக் பலெற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

உங்கள் ஈ.ஓ.ஆர்.ஐ. இலக்கத்தையும் முழுப் பொருட்பட்டியலையும் ஜூலை முடிவதற்குள் அனுப்பிவையுங்கள். குறியீடு பார்ப்பது பொருள் பொருளாகச் செய்யும் வேலை. ஒக்டோபரில் எல்லாரும் ஒன்றாக வந்தால் எங்களால் ஈடுகொடுக்க முடியாது.

இப்படிக்கு,
ஏற்றுமதிப் பிரிவு