குறுகலான கால்வாயும் தூர்ந்த கால்வாயும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூளைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் வளையமாகக் கோத்திருக்கும், 1664-ல் தாமஸ் வில்லிஸ் எழுதிய நூலால் அதற்கு 'வில்லிஸ் வளையம்' என்று பெயர் வந்தது என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் அழகு. ஆனால் அதில் உள்ளபடி எல்லாக் கண்ணியும் ஒழுங்காக அமைந்த வளையம் பாதிப்பேருக்குக்கூடக் கிடையாது. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

போன தை மாதம் என் மனைவிக்குத் தலைச்சுற்றல். ஸ்கேன் எடுத்தோம். வலது வெர்டிப்ரல் ஆர்ட்டரி 'ஹைப்போபிளாஸ்டிக்', இடது பக்கம் 'ஃபீட்டல் பிசிஏ' என்று ரிப்போர்ட்டில் இரண்டு வரி. மச்சான் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "மூளைக்குப் போற நரம்பு சூம்பிப்போச்சாம்" என்றார். நம் பக்கம் ரத்தக் குழாயும் நரம்புதான், மற்றதும் நரம்புதான். அன்று ராத்திரி அடுப்பு பற்றவைக்கவில்லை. குடியாத்தத்தில் இருக்கும் மகள் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் ஸ்கேன் கவரின் பின்புறத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். கழுத்தெலும்பின் துளைகள் வழியே இரண்டு வெர்டிப்ரல் குழாய்கள் ஏறி, மேலே ஒன்றாகச் சேருகின்றன. பலருக்கு அதில் ஒன்று பிறவியிலேயே ஒல்லி, பெரும்பாலும் வலதுதான். அதைத்தான் ஹைப்போபிளாஸ்டிக் என்கிறார்கள். இன்னொன்று ஈடுகட்டிவிடும். பிசிஏ என்பது மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தரும் குழாய். ஃபீட்டல் என்பது கருவில் இருந்த வழி. அப்போது மூளையின் பின்பகுதிக்கும் முன்கழுத்துக் குழாயிலிருந்தே ரத்தம் போகும். பிறகு பின்பக்கக் குழாய் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். சிலருக்குப் பழைய வழியே நிலைத்துவிடுகிறது.

நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்தவன். பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் கால்வாயின் கரையில் நடந்தே காலம் போயிற்று. எனக்கு உடனே பிடிபட்டது: குறுகலாக வெட்டிய கால் வேறு, தூர்ந்துபோன கால் வேறு. ரிப்போர்ட் சொன்னது முதலாவதை. நாங்கள் பயந்தது இரண்டாவதற்கு. தலைச்சுற்றலுக்குக் காரணம் காதுக்குள் இடம் மாறிய சுண்ணாம்புத் துகளாம். கட்டிலில் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பியதில் சரியாயிற்று!

அதற்காக ரிப்போர்ட்டை எறிந்துவிடவும் கூடாது. வளையத்தில் ஒரு கண்ணியான இணைப்புக் குழாய் இல்லாதவருக்கு நாளைக்கு முன்கழுத்தில் அடைப்பு வந்தால் மாற்று வழியில் ரத்தம் வருவது குறையும். கருவழி நிலைத்தவருக்கு முன்கழுத்தில் கிளம்பும் ரத்தக்கட்டி மூளையின் பின்பகுதி வரைக்கும் போய் அடைக்கலாம். அன்றைக்குப் பார்க்கும் டாக்டருக்கு இந்தப் பழைய படம் உதவும். எங்கள் வீட்டில் அது பீரோவில் பட்டாவோடு இருக்கிறது.

ஸ்கேன் சென்டர்காரர்களைக் கேட்பது ஒன்றுதான். இப்படி எழுதும் இடத்தில் 'பிறவி அமைப்பு, அடைப்பு அல்ல' என்று தமிழில் நாலு சொல் சேருங்கள். நீங்களும் அடுத்த முறை படம் போடும்போது, பக்கத்திலேயே ஒரு கண்ணி விட்டுப்போன வளையத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
காவேரிப்பாக்கம்.