தேங்காயில் எள்ளைத் தேடாதீர்கள்

குமரி மாவட்டத்துத் தமிழாசிரியர்களுக்கு, வணக்கம்.

கருங்கல் பக்கம் கொப்பரை ஆட்டும் சிறிய மில் நடத்துகிறவன் எழுதுகிறேன். புணர்ச்சி விதியில் உங்களோடு மல்லுக்கு வரவில்லை. எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் என்று நீங்கள் பலகையில் எழுதுவது சரி. ளகரமும் நகரமும் சேர்ந்தால் ண்ண என்று ஆவதை வாயால் ஒருதரம் வேகமாகச் சொல்லிப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். என் வழக்கு அதற்கடுத்த வரியோடு. "ஆகவே தேங்காய் எண்ணெய் என்பது பிழை, தேங்காய் நெய் என்றே எழுத வேண்டும்" என்று சில வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேடைகளிலும் கேட்டிருக்கிறேன், கைதட்டல்கூடக் கிடைக்கிறது. போன வாரம் ஒரு பிள்ளை குப்பியை நீட்டி, "மாமா, அரை லிட்டர் தேங்காய் நெய்" என்றாள். கட்டுரை நோட்டில் சிவப்பு மை வட்டம் வாங்கிய பிள்ளை அது. பின்னால் நின்ற அவள் பாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

உங்கள் கணக்குப்படியே போவோம். தைலம் என்ற வடசொல் எங்கிருந்து வந்தது? திலம் என்றால் எள். திலத்திலிருந்து எடுப்பது தைலம். அப்படியானால் சளி பிடித்த நெஞ்சில் நீங்கள் தேய்க்கிற நீலகிரித் தைலத்தில் எள் எத்தனை சொட்டு? வடக்கே இந்திக்காரர் கடுகிலிருந்து எடுத்ததையும் 'தேல்' என்கிறார்கள். அதுவும் இதே எள்ளின் பேரன்தான். தெலுங்கில் எள்ளுக்கு நுவ்வு என்று பெயர். அதோடு நெய் சேர்ந்து நூனெ ஆகி, அங்கே எல்லா எண்ணெய்க்கும் அதுவே பெயர். மேற்கே போனால் எள்ளுக்குப் பதில் ஒலிவம். நம் ஊர் வேதக்காரர்கள் பைபிளில் படிக்கிற அதே ஒலிவ மரம். கிரேக்கத்தில் அந்த மரத்துக்கு இருந்த பெயர் லத்தீனில் ஓலியமாகி, ஆங்கிலத்தில் ஆயில் ஆனது. அரபியிலும் ஜைத்தூன் மரத்தோடு ஒட்டிப் பிறந்ததுதான் எண்ணெய்க்கான ஜைத். பெட்ரோலியம் என்றால் பாறை எண்ணெய். பாறைக்குள் எந்த ஒலிவ மரம் காய்த்தது என்று கேட்டு அங்கே எந்த வாத்தியாரும் பிள்ளையின் நோட்டில் வட்டம் போடுவதில்லை.

எதை முதலில் அன்றாடம் ஆட்டினார்களோ, அதன் பெயரே பிறகு வந்த அத்தனைக்கும் பெயராகிவிட்டது. நம்மிடமும் அதுதான் நடந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நல்லெண்ணெய். எள்ளுக்கென்று பிறந்த சொல்லை ஊர் முழுக்க எடுத்துப் புழங்கிய பிறகு, எள்ளிலிருந்து வருவதைத் தனியே காட்ட முன்னால் ஒரு 'நல்' போட வேண்டி வந்தது. கடலோரத்தில் வள்ளத்து மோட்டாருக்கு மானிய மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கிறார்களே, அவர்களிடம் போய் 'மண்ணுக்குள் ஏது எள்' என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறவருக்குத்தான் கெட்ட பெயர்.

இனி, நீங்கள் மீட்க நினைக்கிற நெய் என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. பழந்தமிழில் நெய் என்பது பசுவோடு மட்டும் கட்டிப்போட்ட சொல்லாக இல்லை. பிசுபிசுப்பும் மினுக்கும் உள்ளது எதுவும் நெய்தான். இரத்தத்துக்கே நெய்த்தோர் என்று ஒரு பெயர் இருந்தது. விளக்கில் ஊற்றுவதும் நெய். பொய்கையாழ்வார் பூமியை அகலாக்கி, 'வார்கடலே நெய்யாக' என்று பாடினார். முக்கடலையும் பார்த்துக்கொண்டு குடியிருக்கும் நமக்கு அந்த வரி கூடுதலாகவே புரிய வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று விட்டிருப்பார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்பது அந்த ஆடுகளுக்குப் பெயர், ஏனென்றால் கணக்கில் எண்ணிக்கை குறையவே கூடாது. அங்கே எரிந்த நெய் ஆட்டு நெய்.

பிறகு கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அந்தச் சொல் சுருங்கிப் பால்பொருளோடு நின்றுவிட்டது. சுசீந்திரத்தில் இந்திரனைக் கொதிக்கும் நெய்யில் முழுகவைத்துப் பாவம் போக்கிய கதையைச் சொல்லும்போதும், குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் அதே கோயிலில் கொதிநெய்யில் கை முக்கி மெய்ப்பிக்க வேண்டியிருந்த பழைய வழக்கத்தைச் சொல்லும்போதும், நெய் என்றால் யாரும் வேறொன்றை நினைப்பதில்லை.

ஆனால் அங்கிருந்து கடற்கரைக்கு இறங்குங்கள். சென்னைக்காரர் வஞ்சிரம் என்று வாங்குகிற மீன் நமக்கு நெய்மீன். சாளை மீனில் கொழுப்பு மிகுந்தது நெய்ச்சாளை. சட்டியில் போட்டதும் தானாகவே எண்ணெய் விட்டுப் பொரியும். அந்த நெய்க்கும் பசுவுக்கும் என்ன சம்பந்தம்? பழைய அகன்ற பொருள் புலவர் வீட்டில் தங்கவில்லை, மீன் விற்கிற பெண்களின் கூடையில் தங்கியிருக்கிறது. சுறா பிடிக்கிற தூத்தூர்க்காரர்களைக் கேட்டால் சுறா ஈரலிலிருந்து எடுப்பதை அவர்கள் எண்ணெய் என்றே சொல்வார்கள். ஒரே கடற்கரையில், ஒரே வாயில், இரண்டும் சண்டையில்லாமல் புழங்குகின்றன. நெய்யூர் என்று ஓர் ஊரே நமக்கு இருக்கிறது, அந்தப் பெயரில் நான் கை வைக்கவில்லை.

ஆகவே தேங்காய் நெய் என்று ஒருவர் ஆசைப்பட்டு எழுதினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்து வெள்ளையாக நிற்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் என்று எழுதிய பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பாக்கெட்டில் 'கோக்கனட் ஆயில்' என்று தமிழெழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள். அதற்கு வட்டம் போட ஆளில்லை.

இன்னொரு சொல்லுக்கும் உங்களிடம் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் தேங்காய் எண்ணெய்க்கு வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர் வெளிச்செண்ணெய். அதை எழுதினால் 'மலையாளம் கலக்காதே' என்று அதட்டுகிறார்கள். மலையாளத்திலும் உண்டுதான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண் இது, இரண்டு மொழியும் ஒரே முற்றத்தில் புழங்கின. ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள், வெளிச்சமும் எண்ணெயும்தானே? இதில் எது தமிழில்லை? வெளிச்சத்துக்கு எரித்த எண்ணெய், அவ்வளவுதான். இதே கருத்தில் மற்ற மாவட்டத்தார் விளக்கெண்ணெய் என்கிறார்கள், ஆனால் அங்கே அது ஆமணக்கு. யார் வீட்டில் எது விளக்கில் எரிந்ததோ அது அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. கல்யாணமாகி வெளியூர் போகிற நம் பெண்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மாமியார் விளக்கெண்ணெய் எடுத்து வா என்றால் தேங்காய் எண்ணெயோடு போய் நிற்கக் கூடாது. வசவாகச் சொன்னால் எங்கேயும் அர்த்தம் ஒன்றுதான்.

நான் கேட்பது சின்ன காரியம். புணர்ச்சிப் பாடம் நடத்தும் வாரத்தில், வீட்டில் எண்ணெய் என்றும் நெய் என்றும் முடிகிற, தொடங்குகிற சொற்களையெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். புன்னைக்காய் எண்ணெய் எடுத்து விளக்கேற்றியதைப் பார்த்த பாட்டிகள் இன்னும் சிலராவது இருப்பார்கள். மலையோரப் பிள்ளையும் கடலோரப் பிள்ளையும் கொண்டுவருகிற பட்டியலை ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளை மில்லுக்கும் கூட்டிக்கொண்டு வரலாம். நல்ல காய்ந்த கொப்பரை நூறு கிலோ போட்டால் அறுபது கிலோவுக்கு மேல் எண்ணெய், மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. எடை போட்டே காட்டுகிறேன். காலை பத்து மணிக்கு முன்னால் வாருங்கள், பிறகு கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வெள்ளைச் சீருடை போடுகிற நாளாக மட்டும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்து எண்ணெய் மில்காரன்